ரயிலடியில் இறங்காத இன்ஸ்பெக்டர்

தென்காசிக்காரி என்று தெரிந்துவிட்டால் போதும், எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இந்த வருஷம் சாரல் எப்படி?" நான் என்னத்தைச் சொல்ல? எனக்குச் சாரல் என்றாலே அலுப்பு. சேறு தெறித்த சேலைக்கரையும், கம்பி ஒடிந்த குடையும், பாதி காலியாகக் கிடக்கும் வகுப்பும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. ஊரே மலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட காலத்தில் நான் மலையைப் பார்த்து வயிறெரிந்து கொண்டிருந்தேன். இப்போதும் யாராவது "அருவியில தண்ணி விழுதா?" என்று ஆசையாகக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது.

அது ஐம்பதுகளின் கடைசி. தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குப் போகிற ரோட்டில், பாதித் தொலைவில் எங்கள் ஜில்லா போர்டு ஸ்கூல் இருந்தது. எட்டாம் வகுப்பு வரைக்கும் உண்டு. அந்த எட்டாம் வகுப்புக்கு நான் டீச்சர். ஓட்டுக் கட்டடம், ஜூன் மாதம் பிறந்தால் எந்த ஓட்டில் ஒழுகும் என்று பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரியும், அந்தந்த இடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டாவது முடிவில் அரசாங்கப் பரீட்சை. அதில் தேறினால் ஒரு பெண்பிள்ளை டீச்சர் டிரெயினிங்கில் சேரலாம், சம்பளம் வாங்கலாம். தேறாவிட்டால் வீட்டில் இருக்கலாம், கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போகலாம். எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு அன்றைக்கு இருந்த வழி அவ்வளவுதான். டவுனில் ஹைஸ்கூல் இருந்தது. ஆனால் முன்பின் தெரியாத டவுன் பையன்களோடு உட்கார்ந்து படிக்க எந்தத் தகப்பன் அனுப்பினான்?

பள்ளிக்கூடம் திறப்பதும் ஜூன், சாரல் தொடங்குவதும் ஜூன். இதை எந்தப் புண்ணியவான் ஏற்பாடு செய்தானோ தெரியாது. மே மாதம் வரை சும்மா சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் பள்ளிக்கூடம் திறந்த உடனே வேலைக்குப் போய்விடும். குளிக்க வருகிறவர்களின் துணிமணிக்குக் காவல் இருக்க, எண்ணெய்க் கிண்ணம் தூக்க, பழக்கூடையோடு உட்கார, சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகளில் பாத்திரம் கழுவ. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டால், ஏதோ சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்பதுபோலச் சர்வ சாதாரணமாகச் சொல்லும்: "சீசன் முடிஞ்சு வாரேன் டீச்சர்." சீசன் முடிய ஆவணி ஆகிவிடும். அதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். வந்து உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஓடாது. பரீட்சையில் தவறும். "போர்டு ஸ்கூல் பிள்ளையளுக்குப் படிப்பு வராது" என்று ஊர் சொல்லும்.

இது போதாதென்று இன்னொன்று. பள்ளிகளைப் பார்வையிடுகிற டிப்டி இன்ஸ்பெக்டரும் சாரல் சமயத்தில்தான் வருவார். வருஷத்தில் பன்னிரண்டு மாதம் இருக்கிறது. தை மாதம் வந்தால் வகுப்பு நிரம்பியிருக்கும், பிள்ளைகள் கடகடவென்று பதில் சொல்லும். ஆனால் தை மாதம் குற்றாலத்தில் தண்ணீர் விழாதே! எங்கள் தாலுகாவுக்கு எந்த ஆபீசர் வந்தாலும் ஒரு கையில் ஃபைலும் மறு கையில் துண்டுமாகத்தான் வருவார்கள். தாசில் ஆபீசிலும் இதே கதைதான் என்று சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, நானாக இருந்தாலும் அப்படித்தான் வந்திருப்பேன்.

எங்கள் ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர், பயந்த மனிதர். காலையில் வந்ததும் வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்ப்பார். மூட்டம் போட்டிருந்தால் முகம் வாடிவிடும். "டீச்சர், ஐந்தருவியில அஞ்சும் விழுதாம். இனி வந்துருவாவ" என்பார். தண்ணீர் நிறைய விழுந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். வகுப்பில் பிள்ளைகள் இருக்க வேண்டும். தண்ணீர் நிறைய விழுந்தால் கூட்டம் வரும். பிள்ளைகள் அருவிக்கரையில் இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் நாங்கள் எத்தனையோ வருஷம் முழித்துக்கொண்டிருந்தோம்.

நான் சொல்லவந்த வருஷத்துக்கு முந்தின வருஷமே எங்களை எச்சரித்துவிட்டுப் போயிருந்தார்கள். எட்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் இல்லை, தேர்ச்சியும் மோசம், அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் வகுப்பை எடுத்துவிடுவோம் என்று. எடுத்துவிட்டால் ஏழாவதோடு சரி.

அந்த வருஷம் எட்டாவதுக்கு வந்தவள்தான் அந்தப் பிள்ளை. குதிரைவண்டிக்காரர் மகள். நெட்டையாக, ஒல்லியாக இருப்பாள். கணக்கு அவளுக்குத் தண்ணிபட்ட பாடு. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, சொன்னதற்காக வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுவாள். பகல் இடைவேளையில் சின்ன வகுப்புப் பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள்; குச்சியால் தரையில் தட்டுவதும், இடுப்பில் கை வைப்பதும், "எங்க பாத்துட்டு இருக்கே?" என்று முறைப்பதும் அப்படியே நான்தான். எனக்குச் சிரிப்பாக வரும், கொஞ்சம் கூச்சமாகவும் வரும். டீச்சராக வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஜூன் மாதம் முதல் வாரத்தோடு அவளும் நின்றுவிட்டாள். எனக்கு ஆத்திரம் பொறுக்கவில்லை. சாயங்காலம் குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கே போனேன். தகப்பனார் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சரம்மா. நனைஞ்சு வந்திருக்கியளே" என்றார்.

"நனைஞ்சா நனையட்டும். பிள்ளை எங்க அண்ணாச்சி?"

"அம்மாகூட குத்தாலத்துல சீசன் வீட்டுக்குப் போயிருக்கா. அவ அம்மைதான் அங்கன சமையலு. ஒத்தக் கையால முடியலங்கா. சீசன் முடிஞ்சதும் அனுப்பிருதேன்."

"சீசன் முடியும்போது வகுப்பே இருக்காது" என்று சொல்லி, எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், வருகிற அன்றைக்குப் பிள்ளைகள் இருக்க வேண்டும், கேட்டதற்கு நன்றாகப் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எட்டாவதை எடுத்துவிடுவார்கள், பிறகு உங்கள் மகள் எங்கே போய்ப் பரீட்சை எழுதுவாள் என்று. மனிதர் புல்லைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். அவருக்கும் மகள் டீச்சராவதில் ஆசை உண்டு. ஆனால் அந்த மூன்று மாதச் சம்பாத்தியத்தில்தான் அந்த வீட்டில் வருஷம் முழுக்க உலை கொதிக்கும். அது எனக்கும் தெரியும்.

"தினமும் அனுப்ப முடியாது டீச்சரம்மா. உள்ளதச் சொல்லுதேன். ஆனா இன்ஸ்பெக்டர் வார அன்னைக்குக் கண்டிப்பா அனுப்புதேன். என்னைக்கு வாராவ?"

"அது யாருக்குத் தெரியும்? சொல்லாமத்தான் வருவாவ."

அவர் சிரித்துவிட்டார். "நான் பொழுதன்னைக்கும் ரயிலடியிலதான நிக்கேன்! திருநவேலி ரயிலு வந்தா எறங்குத அத்தன பேரும் என் கண்ணத் தாண்டித்தான் போவணும். இன்ஸ்பெக்டர் எறங்குனா மொதல்ல எனக்குத்தான் தெரியும். அடுத்த நிமிசம் வண்டியத் திருப்பிப் பிள்ளையக் கூட்டிட்டு வந்து ஸ்கூல்ல விட்டுருதேன். நீங்க கவலப்படாதிய."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. மறுநாள் ஹெட்மாஸ்டரிடம் சொன்னபோது அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். மற்றப் பிள்ளைகளுக்கும் அந்த வண்டிக்காரர் மூலமாகவே தகவல் போகும் என்று முடிவாகிவிட்டது. அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் மலையைப் பார்ப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்து மழை கொட்டித் தீர்த்தது. ஒரு நாள் காலை, பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருக்கும்போது, நல்ல வெள்ளை ஜிப்பாவும் கழுத்தைச் சுற்றிச் சிவப்பு மப்ளருமாக ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தாம் யார் என்று அவர் சொன்னதும் ஹெட்மாஸ்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. புதிதாக மாற்றலாகி வந்த டிப்டி இன்ஸ்பெக்டர். அப்போதுதான் அருவியில் குளித்துவிட்டு வந்திருப்பார் போல. தலையில் ஈரம் காயவில்லை.

ஆயாவை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓடவிட்டோம். கிடைத்த பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேருக்கு உள்ளங்கையெல்லாம் எண்ணெய். சிலேட்டைப் பிடித்தால் வழுக்கியது. வண்டிக்காரர் வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாள். குற்றாலம் வரை போய்த் திரும்ப நேரமில்லை. என் கண் ரோட்டிலேயே இருந்தது. இப்போது வண்டி வரும், இப்போது வண்டி வரும் என்று எத்தனையோ வண்டிகளைப் பார்த்தேன். அந்த வண்டி வரவில்லை.

இன்ஸ்பெக்டர் கோபக்காரர் இல்லை. தன்மையாகத்தான் பேசினார். வட்டிக் கணக்கு ஒன்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாரக்கணக்கில் கணக்கையே பார்க்காத பிள்ளைகள் என்ன சொல்லும்? பூகோளம் கேட்டார். ஒரு பையன் எழுந்து நின்று கூரையைப் பார்த்தான். காலி இடங்களைக் காட்டி, "இதெல்லாம் எங்கம்மா?" என்று கேட்டார்.

"சீசன் சார்" என்றேன்.

"சீசனுக்கும் ஸ்கூலுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

என்னத்தைச் சொல்ல! அவருடைய ஈரத் தலையைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன். ஒரு பிள்ளை இருக்கிறாள் சார், அவளை மட்டும் கூப்பிட்டுக் கேட்டுப்பாருங்கள், நாளைக்கு ஒரு தடவை வாருங்கள் என்று கெஞ்சினேன். "ஒரு பிள்ளைக்காக ஒரு வகுப்பு நடத்த முடியுமாம்மா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். வகுப்பைத் தொடர வேண்டியதில்லை என்று எழுதிவிட்டு, ஹெட்மாஸ்டர் வாங்கிவைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சாயங்காலம் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். அப்போதுதான் வண்டிக்காரர் குதிரையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நல்லா நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு போனேன்.

"ஏன் அண்ணாச்சி இப்படிக் கழுத்தறுத்திய? இன்ஸ்பெக்டர் வந்து வகுப்பை மூடிட்டுப் போயிட்டாரு!"

அவர் திகைத்துப்போனார். "இன்ஸ்பெக்டர் வந்தாவளா? எப்பம்? சத்தியமாச் சொல்லுதேன் டீச்சரம்மா, நேத்தும் இன்னைக்கும் எல்லா ரயிலையும் பாத்துட்டேன். ஒரு இன்ஸ்பெக்டரும் எறங்கல. தொப்பி வச்ச ஆளே கண்ணுல படல. பெல்ட்டு, பூட்ஸு, ஒண்ணும் கிடையாது. ஒரே ஒரு ஏட்டையாதான் நின்னாவ, அவரு உள்ளூருல்லா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அட கடவுளே! இன்ஸ்பெக்டர் என்றால் அவருக்குத் தெரிந்தது காக்கிச் சட்டை ஒன்றுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்க்கப் போலீஸ் வருகிறது என்று நினைத்து, ஒரு மாதமாக அந்த மனிதர் ரயிலடியில் தொப்பியைத் தேடிக்கொண்டு நின்றிருக்கிறார். நானாவது சொல்லியிருக்கிறேனா? பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் என்றால் எந்த இன்ஸ்பெக்டர் என்று விளக்க வேண்டும் என யாருக்குத் தோன்றும்?

"நேத்து ரயில்ல யாரு வந்தா?" என்று கேட்டேன்.

"யாரு வந்தா... ஒரு குடும்பம் எறங்குச்சு. நம்ம வண்டியிலதான் ஏத்திட்டுப் போனேன். செவப்பு மப்ளர் கட்டுன ஒரு சாரு. அந்தம்மா மாசமா இருக்காவ. நாலு வயசுல ஒரு பொட்டப்பிள்ள. எம் பொஞ்சாதி சமைக்குத வீட்டுலதான் தங்கியிருக்காவ. தங்கமான மனுசங்க."

கழுத்தைச் சுற்றிக் கையால் மப்ளர்போலக் காட்டினேன். அவருக்கு முகம் செத்துவிட்டது. அவிழ்த்த குதிரையை மறுபடியும் பூட்டினார். "ஏறுங்க டீச்சரம்மா" என்றார். குற்றாலம் போகிற வழியெல்லாம் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வீட்டின் முன்புறம் சாய்வு நாற்காலியில் அதே மப்ளரோடு அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இடுப்பில் அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு என் மாணவி நின்றாள். குழந்தைக்கு மூவிரண்டு ஆறு, மும்மூன்று ஒன்பது சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"டீச்சர்! இன்ஸ்பெக்டர் வந்துட்டாவளா டீச்சர்? நான் இப்பமே வரட்டா?"

உள்ளிருந்து வந்த அவள் அம்மா, கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. மப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான்தாம்மா இன்ஸ்பெக்டர்" என்றார் மெதுவாக.

அவள் சிரித்தாள். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள். பிறகு தகப்பன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

அங்கேயே அவளை ஒரு கணக்குக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொண்டுவரச் சொன்னார். "காலையிலேயே எழுதிக் கொடுத்துட்டேனே அம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வருத்தப்பட்டது நிஜம். அவருடைய மனைவி கதவோரம் வந்து நின்று கேட்டுவிட்டு, "பாவம், இவ்வளவு நல்ல பிள்ளை! நாங்க திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறோம். எனக்கும் பிரசவ சமயத்துல ஒத்தாசையா இருக்கும். அங்கயே படிக்க வெச்சிடறோம்" என்று சொன்னார். அவரும் தலையை ஆட்டினார்.

திரும்பி வரும்போது வண்டிக்காரருக்குப் பேச்சு வந்துவிட்டது. "பாத்தியளா டீச்சரம்மா, கடவுளாப் பாத்துக் காட்டுன வழி. பரீட்ச நடத்துத ஆபீசர் வீட்டுலயே இருந்தா எம் மவ பெயிலாவாளா?" என்றார். போலீஸ் இல்லை என்று தெரிந்ததும் அவருக்கு அந்த உத்தியோகத்தின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? இழுத்து மூடப்போகிற ஒரு வகுப்பு. எனக்கும் உள்ளுக்குள் ஒரு ஆசை, ஒருவேளை படிக்க வைத்துவிடுவார்களோ என்று. களைத்துப்போன மனசு கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஆவணியில் அவள் போய்விட்டாள்.

எட்டாம் வகுப்பை எடுத்துவிட்டார்கள். இரண்டு பையன்கள் டவுன் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். பெண்பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். என்னை மூன்றாம் வகுப்பில் போட்டார்கள். ஹெட்மாஸ்டர் பழையபடி மலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அடுத்த வருஷச் சாரலுக்கு அந்தக் குடும்பம் மறுபடியும் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு நான் ரோட்டுக்கு வருகிறேன், அந்த வண்டி நிற்கிறது. உள்ளேயிருந்து குதித்து இறங்கினாள். நல்ல தாவணி, பின்னல் நிறையப் பூ. முன்னைவிட ஒரு பிடி வளர்ந்திருந்தாள். இடுப்பில் புதுக் கைக்குழந்தை. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வைத்திருந்தார்கள். சந்தோஷத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏட்டி, எப்படி இருக்கே? ஸ்கூலுக்குப் போறியா?"

"தினமும் போறேன் டீச்சர்!" என்றாள். "ஒரு நாள் கூட லீவு கிடையாது."

"அப்படிப் போடு! எந்த ஸ்கூலு?"

பெரிய கான்வெண்ட் ஒன்றின் பெயரைச் சொன்னாள். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பெரிய குழந்தையைத் திரும்பிப் பார்த்து, டீச்சர்மார் பேசுகிற அதே பெருமையோடு சொன்னாள்: "பாப்பா ஒண்ணாங்கிளாஸ் படிக்கா, டீச்சர். காலையில கொண்டுபோயி விட்டுட்டு, சாயங்காலம் கேட் வாசல்ல நின்னு கூட்டிட்டு வருவேன்."